உடல் கடிகாரமும் புற்றுநோயும்: வெளிச்சம், தூக்கம், சாப்பாடு, மருந்து நேரங்களைச் சீராக்குவது எப்படி

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007இல் அது 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019இல் சான்றுகளை மறுபடி அலசி, இரவுப் பணியை அதே பிரிவில் வைத்தது. 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்' என்பது 2ஏவின் பொருள். பலர் தடுமாறுவது இங்கேதான். சான்று எவ்வளவு வலுவானது என்பதை வைத்துப் பிரித்த பட்டியல் அது. ஆபத்து எவ்வளவு பெரியது என்று அதில் தேடினால் கிடைக்காது.

அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு ஒன்று 2001இல் வெளியானது. சுழற்சி முறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 36 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிரிட்டனின் மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வந்த முடிவிலோ தொடர்பே தெரியவில்லை. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், ஓரிரு ஆண்டு நைட் ஷிஃப்ட் பார்த்தவர் கலங்க வேண்டியதில்லை. இளம் வயதிலேயே தொடங்கி, வாரத்துக்கு மூன்று இரவோ அதற்கு மேலோ, பத்து ஆண்டுகளைத் தாண்டியும் பார்ப்பவர் கவனமாக இருப்பது நல்லது. புகைப்பதை நிறுத்தாமல் விலையுயர்ந்த நீல ஒளி தடுப்புக் கண்ணாடி வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு. புகை, மது, உடல் எடை மூன்றும் இதைவிடப் பெரிய விஷயங்கள். வயதுக்கேற்ற பரிசோதனைகளையும் தள்ளிப்போட வேண்டாம்.

கட்டிக்கு எங்கே வழி திறக்கிறது

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். கண்ணிலிருந்து வரும் வெளிச்சத் தகவலை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். கல்லீரல், குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் என்று ஏறக்குறைய எல்லா உறுப்புகளின் செல்களிலும் சொந்தக் கடிகாரம் உண்டு. கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் பெர், க்ரை மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் சேர்ந்ததும் திரும்பிவந்து கிளாக், பிமால்1 இரண்டையும் அடக்குகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இந்தச் சுற்றின் அடிப்படையை ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல் எப்போது பிளவுபட வேண்டும், சேதமான டிஎன்ஏவை எப்போது சரிசெய்ய வேண்டும் என்பதிலும் இந்தச் சுற்றுக்குப் பங்குண்டு. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதங்களில் ஒன்றான எக்ஸ்பிஏ, எலியின் தோலில் நேரத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. அது குறைந்திருக்கும் அதிகாலை 4 மணிக்குப் புற ஊதாக் கதிர் பட்ட எலிகளுக்கு, மாலை 4 மணிக்குப் பட்டவற்றைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகமாகத் தோல் புற்றுநோய் வந்தது. அதே கதிர், அதே அளவு. நேரம் மட்டும் வேறு.

வளர்ச்சிக்கு வருவோம். தலைமைக் கடிகாரத்தை அழித்த எலிகளில் கட்டிகள் வேகமாக வளர்வதை பிரான்ஸில் பிரான்சிஸ் லெவியின் குழு 2002இல் காட்டியது. மாறிமாறி ஜெட்லாக்குக்கு உள்ளாக்கிய எலிகளில் நுரையீரல் கட்டி பெரிதாவதை 2016இல் இன்னொரு குழு கண்டது. செல்லை வளரத் தூண்டும் சி-மிக் என்ற புரதம் அங்கே மிகுந்திருந்தது. 2005இல் வந்த ஒரு சோதனை இவற்றைவிட நேரடியானது. ஒரே பெண்களிடமிருந்து பகலிலும், இரவின் இருட்டிலும், இரவில் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்த பிறகும் இரத்தம் எடுத்தார்கள். எலிகளில் வளர்த்த மனித மார்பகக் கட்டிகளின் ஊடே அதைச் செலுத்தினார்கள். இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் நிறைந்த இருட்டு நேர இரத்தம் கட்டியின் வேகத்தை அடக்கியது. வெளிச்சம் பட்ட பிறகு எடுத்த இரத்தத்துக்கு அந்த வலு இல்லை.

பரவல் பற்றிய செய்திதான் அண்மையில் அதிகம் பேசப்பட்டது, அதிகம் திரிக்கவும்பட்டது. மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் இரத்தம் எடுத்து, கட்டியிலிருந்து கழன்று ஓடும் செல்களை எண்ணினார்கள். கிடைத்த செல்களில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு 4 மணி இரத்தத்தில் இருந்தன. தூக்க நேரத்தில் கழன்ற செல்கள் பரவும் வலுவும் அதிகம் கொண்டவை என்று எலிச் சோதனை காட்டியது. சூரிச்சிலிருந்து 2022இல் வந்த முடிவு இது. உடனே 'தூங்கினால் புற்றுநோய் பரவும்' என்று தலைப்புகள் கிளம்பின. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கழன்று வருவதை ஹார்மோன்களின் தாளம் நடத்துகிறது, ஆகவே இரத்தம் எடுக்கும் நேரமும் சிகிச்சை நேரமும் முக்கியமாகலாம் என்பதே அதன் பொருள். தூக்கத்தைக் குறைப்பது தீர்வாகாது: வெளிச்சச் சுழற்சியை நெடுநாள் குலைத்த எலிகளில் மார்பகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவுவது கூடியதை 2020இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லாக் கட்டிகளும் கடிகாரத்துக்கு எதிரிகள் அல்ல. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயின் ஸ்டெம் செல்கள் தம் வளர்ச்சிக்கே கடிகாரப் புரதங்களை நம்பியிருக்கின்றன. அதனால், கடிகாரத்தைச் சீராக்கினால் கட்டி சுருங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே சொல்பவற்றால் கிடைப்பது நல்ல தூக்கம், குறைந்த சோர்வு, தாங்கக்கூடிய சிகிச்சை. அதற்கு மேல் கிடைப்பது உபரி.

உங்கள் கடிகாரம் எங்கே நிற்கிறது

14 நாளுக்கு ஒரு தாளில் ஐந்து நேரங்களை மட்டும் எழுதுங்கள்: விளக்கை அணைத்தது, கடைசியாக விழித்தது, வெளியே வந்து வெளிச்சத்தில் நின்றது, முதல் சாப்பாடு, கடைசிச் சாப்பாடு. தூக்கத்தின் தரத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். போடத் தொடங்கினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

வேலை நாளில் இரவு 12 முதல் காலை 6 வரை தூங்குகிறீர்கள் என்றால் நடுத்தூக்கம், அதாவது தூக்கத்தின் நடுப்புள்ளி, 3 மணி. விடுமுறையில் 2 முதல் 10 வரை என்றால் நடுத்தூக்கம் 6 மணி. வாராவாரம் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் போய்த் திரும்புவதற்குச் சமம் இது. வித்தியாசம் ஒரு மணிக்குள் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு மணியைத் தாண்டினால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றவை பிறகு. விடுமுறை நாளில் விழிக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் வீதம் முன்னே இழுக்க வேண்டும். படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுத்தால் வேலைக்கு ஆகாது. தூக்கம் வராமல் புரள்வதுதான் மிச்சம். எழும் நேரத்தைப் பிடித்தால் படுக்கும் நேரம் தானாக வரும்.

இன்னொரு குறியையும் கண்டுகொள்ளுங்கள். உடல் வெப்பம் மிகவும் தாழும் நேரம், இயல்பாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி முன்னால் வரும். 7 மணிக்கு விழிப்பவருக்கு 4 முதல் 5க்குள். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், தூக்கம் தாமதமாகும்; அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும், தூக்கம் சீக்கிரம் வரும். நைட் ஷிஃப்ட்காரர்களின் உடல் ஏன் பழகுவதே இல்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. 3 மணிக்கு வேலையிடத்து விளக்கு பின்னே தள்ளுகிறது. 7 மணிக்கு வீடு திரும்பும் வழியில் வெயில் முன்னே இழுத்துவிடுகிறது.

வெளிச்சமும் இருட்டும்

கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பும் கண் செல்களில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அது அதிகம் துலங்கும். அதனால் வெளிச்சத்தை அளக்கும் சாதாரண லக்ஸ் கணக்கு இங்கே முழுமையாகப் பொருந்தாது. மெலனாப்சினுக்கு எவ்வளவு சேர்கிறது என்ற மெலனோபிக் லக்ஸ் கணக்கில் 2022இல் நிபுணர் குழு ஒன்று அளவுகள் தந்தது: பகலில் குறைந்தது 250, படுக்கைக்கு முந்திய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1க்கு மேல் கூடாது. மூன்றும் கண் மட்டத்தில் செங்குத்தாக அளப்பவை.

நடைமுறைக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம். 2700 கெல்வின் மஞ்சள் நிற எல்இடியில் லக்ஸில் பாதிக்குச் சற்றுக் குறைவே மெலனோபிக் கணக்கில் வரும். மாலையில் கண்ணுக்கு 20 லக்ஸ் போல வந்தால் வரம்புக்குள் இருக்கிறீர்கள். குளிர்ந்த வெண்ணிற விளக்கில் அதே 20 லக்ஸ் வரம்பைத் தாண்டிவிடும். கூரையில் எரியும் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கை வைப்பது எந்தக் கண்ணாடியையும்விட நல்ல ஏற்பாடு. மொபைல் திரையை நீல ஒளி குறைக்கும் நிலைக்கு மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் வெளிச்சத்தின் அளவைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். அளவைக் குறைப்பதே முதல் வேலை, நிறம் அதற்கு அடுத்தது.

பகல் பாதியைத்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். வீட்டுக்குள் 100 முதல் 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். மேகமூட்டமான நாளிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 30 நிமிடம் வெளியே இருங்கள். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. முடியாதவர்கள் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் உட்காரலாம். பகலில் நன்றாக வெளிச்சம் வாங்கிய உடலுக்கு மாலை விளக்கின் பாதிப்பும் குறையும்.

இரவில் எழ வேண்டியிருந்தால், தரையை ஒட்டி ஒரு மங்கலான செம்மஞ்சள் விளக்கு போதும். வயதானவரும் தடுமாறி நடப்பவரும் இருட்டுக்காக அதையும் அணைக்கக் கூடாது. விழுந்து எலும்பு முறிவது உடனடி ஆபத்து.

சாப்பாடு

கல்லீரலின் கடிகாரம் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தே திருத்திக்கொள்கிறது. கடைசிச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி முன் முடியுங்கள். தினமும் ஒரே 10 முதல் 12 மணி நேர இடைவெளிக்குள் சாப்பாடு அடங்கட்டும். கீமோவில் இருப்பவரும் எடை குறைந்து வருபவரும் இந்த விதியைத் தூக்கி வைத்துவிட வேண்டும். பசி எப்போது எடுக்கிறதோ அப்போது சாப்பிடுவதே அவர்களுக்குச் சரி. உண்ணாநோன்பு கட்டியைப் பட்டினி போடும் என்று நம்பி எடையைக் கரைத்துக்கொள்பவர்கள் சிகிச்சையைத் தாங்கும் வலுவைத்தான் இழக்கிறார்கள்.

நைட் ஷிஃப்ட் தவிர்க்க முடியாதவருக்கு

பட்டியல் போடுவது உங்கள் கையில் இருந்தால், அல்லது கேட்டு வாங்க முடிந்தால், தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 11 மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு ஷிஃப்ட் 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சுழற்சி காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். தூக்கத்தைத் தாமதமாக்கிக் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவது எளிது, சீக்கிரமாக்கி முன்னே இழுப்பது கடினம். தலைகீழ்ச் சுழற்சி உடலைப் பிழிந்துவிடும்.

இரண்டு மூன்று இரவு மட்டும் என்றால் கடிகாரத்தை மாற்றவே முயலாதீர்கள். முதல் ஷிஃப்டுக்கு முன் பிற்பகலில் 90 நிமிடம் தூங்குங்கள். நடு இரவைத் தாண்டி 20 நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம். 30 நிமிடத்தைத் தாண்டினால் எழும்போது மூளை மந்தமாக இருக்கும், இயந்திரத்தையோ மருந்தையோ கையாளும் வேலையில் அது ஆபத்து. காபியை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். காஃபீனில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். படுப்பதற்கு 6 மணி முன் குடித்த 400 மில்லிகிராம்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெட்டிவிடும். நள்ளிரவு முதல் காலை 6 வரை முழுச் சாப்பாட்டைத் தவிர்த்து, பசித்தால் கொஞ்சமாக ஏதாவது கொறிக்கலாம்.

மாதக்கணக்கில் இரவு மட்டுமே என்றால் கணக்கு வேறு. முழுக்க இரவுக்கு மாறினால் விடுமுறையில் குடும்பம் பகலில் இருக்கும். மாறாவிட்டால் தூக்கம் கெடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. பணி நாளில் காலை 8.30 முதல் 3.30 வரை தூக்கம், விடுமுறையில் அதிகாலை 3 முதல் நண்பகல் 12 வரை தூக்கம். ஷிஃப்டின் முற்பாதியில் பிரகாசமான வெளிச்சம், அதிகாலை 4 மணிக்குப் பிறகு மங்கல், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, எழுந்ததும் கொஞ்சம் வெயில். உடல் வெப்பம் தாழும் நேரம் சில நாளில் காலைத் தூக்கத்துக்குள் நகர்ந்துவிடும். கறுப்புக் கண்ணாடியில் ஓர் எச்சரிக்கை: நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புபவராகவும் கண் சொருகுபவராகவும் இருந்தால் அணியாதீர்கள். தூங்கிய கண்ணோடு ஓட்டுவது, இந்தக் கட்டுரை பேசும் எல்லா ஆபத்துகளையும்விட அருகில் இருக்கிறது.

சிகிச்சையில் இருப்பவருக்கு

பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில், காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோன் நாள் முழுக்கத் தட்டையாக இருந்தவர்கள் முன்னதாகவே இறந்ததை 2000இல் வந்த ஆய்வு காட்டியது. தட்டையான தாளம் நோயை முற்றவைத்ததா, முற்றிய நோய் தாளத்தைத் தட்டையாக்கியதா என்பதை அந்த ஓர் ஆய்வால் பிரிக்க முடியாது. ஆனால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசத்தைக் கூட்டுவதில் நட்டம் எதுவும் இல்லை.

சோர்வில் நாள் முழுக்கப் படுத்தே இருப்பதுதான் அந்த வித்தியாசத்தை முதலில் கரைக்கும். உட்கார முடிந்தால் பகலில் நாற்காலிக்கு மாறுங்கள், சன்னலோரமாக. குட்டித் தூக்கம் 3 மணிக்கு முன், 30 நிமிடத்துக்குள். படுக்கையில் 20 நிமிடம் போலத் தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து மங்கலான இடத்தில் உட்கார்ந்துவிட்டுத் தூக்கம் கண்ணைச் சுற்றும்போது திரும்புங்கள். எலும்புக்குப் பரவியவர், தலைச்சுற்றல் உள்ளவர் எழ வேண்டாம், தலையணையை உயர்த்திச் சாய்ந்தால் போதும்.

தூக்கத்தைக் கெடுப்பது பல நேரம் மருந்துச் சீட்டில்தான் இருக்கும். டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டை மாலையில் விழுங்கினால் இரவு முழுக்க விழிப்பு. ஒரு வேளை மருந்தை காலைக்கும், இரு வேளை என்றால் இரண்டாவதை முற்பகல் அல்லது நண்பகலுக்கும் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரைக்கும் இதே கேள்வி. வலியால் 2 மணிக்கு விழிக்கிறீர்கள் என்றால், தேவை தூக்க மாத்திரையா இரவு முழுக்கத் தாங்கும் வலி மருந்தா என்று கேளுங்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது கண் மறைப்பும் காதடைப்பும் கொண்டுபோங்கள். இரவு நேர வெப்பநிலை, இரத்த அழுத்தச் சோதனைகளைச் சேர்த்துச் செய்ய முடியுமா என்று செவிலியரைக் கேட்கலாம். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். காய்ச்சல் கண்காணிப்பில் அது உயிர் காக்கும்.

கீமோவையும், உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியையும் எந்த நேரத்தில் ஏற்றுவது என்ற கேள்வி இப்போது நோயாளிகளிடமிருந்தே வருகிறது. பழைய பாடம் ஒன்று இருக்கிறது. குடல் புற்றுநோய்க்கு ஃப்ளூரோயூரசில், ஆக்சாலிப்ளாட்டின் மருந்துகளை நேரம் பார்த்து ஏற்றிய பெரிய சோதனையின் முடிவு 2006இல் வந்தது, 564 பேர். மொத்தத்தில் ஆயுளில் வேறுபாடு இல்லை. பிரித்துப் பார்த்தால் ஆண்களுக்கு நன்மை, பெண்களுக்குத் தீமை. ஒரே நேரம் எல்லோருக்கும் பொருந்தாது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இம்யூனோதெரபியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்து 2021இல் வந்த ஆய்வு, மாலை 4.30க்குப் பிறகு ஏற்றிக்கொண்ட பங்கு கூடியவர்களின் ஆயுள் குறைவு என்றது. காலை இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பதில் தவறில்லை. காலை இடத்துக்காக ஒரு சுற்றைத் தள்ளிப்போடாதீர்கள். நேரத்தால் வரும் லாபம் இன்னும் உறுதியாகவில்லை. தாமதத்தால் வரும் நட்டம் உறுதியானது.

மெலடோனின் மாத்திரையைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். நுரையீரல் கட்டியை அகற்றிய 709 பேருக்கு ஓர் ஆண்டு தினமும் 20 மில்லிகிராம் மெலடோனினோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது குறையவில்லை. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, ஃப்ளுவாக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இரவும் பகலும் திடீரென இடம் மாறி, இரவில் குழப்பமாகப் பேசுவதும் இல்லாததைப் பார்ப்பதும் பகலில் எழுப்ப முடியாமல் தூங்குவதுமாக ஒருவர் மாறினால், அதை உடல் கடிகாரக் கோளாறு என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தொற்று, சோடியம் இறக்கம், கால்சியம் ஏற்றம், வலி மருந்தின் அளவு மிகுதி என்று காரணங்கள் பல இருக்கலாம். அன்றே மருத்துவமனையை அழையுங்கள். சமீபத்தில் மாற்றிய மருந்துகளின் பட்டியல் கையில் இருக்கட்டும்.